வினாவும் இறையும்: சட்டமன்றக் கேள்வி நேரமும் திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதியும்

வினா என்பது இலக்கணத்தில் ஒரு தொடர்வகை; ஆட்சியியலில் அஃதோர் அதிகாரம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காணும் வாய்ப்புத் தமிழ் பயில்வோர்க்கு உண்டு. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எண்வகைப்படுத்தினார். இவற்றுள் முதல் மூன்றே நேரான விடைகள். எஞ்சிய ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் தருவன. பவணந்தி முனிவர் இவற்றை வகுத்தபோது கடைத்தெரு உரையாடலையும் ஆசிரியர் மாணவர் உரையாடலையுமே மனத்திற் கொண்டிருக்கலாம். ஆயினும் புனித ஜார்ஜ் கோட்டையில் நாள்தோறும் நிகழும் கேள்வி நேரத்தை அளந்தறிய இதனினும் நல்ல அளவுகோல் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

சட்டமன்ற உறுப்பினர் மாநில அரசின் கொள்கையையும் செலவையும் எங்ஙனம் வினவுகிறார், அவ்வினாவுக்கு எத்தகைய விடை கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பொதுவாகப் பேசினால் பொருள் காற்றோடு போய்விடும். ஆதலின் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இப்பகுதியின் கதை மாணவர் அறியாததன்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1971-இல் தோன்றிய தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனமாகிய சிப்காட், இங்கு நிலம் எடுத்துத் தொழிற்பூங்காக்கள் அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது. அது 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசானும் 2012-இல் டைம்லர் நிறுவனமும் ஆலைகளைத் திறந்தன. சாம்சங், பாக்ஸ்கான், செயிண்ட் கோபைன், அப்பல்லோ டயர்சு எனப் பட்டியல் நீளும். நிலம் கொடுத்தவர் உள்ளூர் உழவர். உழைப்பவர் பெரும்பாலும் வெளியூர் இளைஞர், இளம்பெண்டிர். சலுகை கொடுத்தது அரசுக் கருவூலம். இம்மூன்று திறத்தார்க்கும் கேட்பதற்குரிய வினாக்கள் பல உள. அவற்றை அவர்கள் பொருட்டு அவையிற் கேட்கும் உரிமை பெற்றவர் சட்டமன்ற உறுப்பினர்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1861-இன் சட்டப்படி அமைந்த மன்றங்களில் உறுப்பினர்க்கு வினாத் தொடுக்கும் உரிமையே இல்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலாக வினாவை அனுமதித்தது. ஆனால் விடை மழுப்பலாக இருப்பினும் மேற்கொண்டு கேட்க இயலாது. 1909-இன் மிண்டோ மார்லி சீர்திருத்தம், முதல் வினாவைக் கேட்டவருக்கு மட்டும் துணைவினாக் கேட்கும் வாய்ப்பை அளித்தது. 1919-இன் சட்டத்திற்குப் பின்னரே எந்த உறுப்பினரும் துணைவினாத் தொடுக்கலாம் என்ற நிலை வந்தது. செலவினங்களின்மேல் வாக்களிக்கும் உரிமையும் ஓரளவு கிட்டியது. 1892 முதல் 1919 வரை சென்ற இருபத்தேழு ஆண்டுகளும் ஒரு துணைவினாவுக்காகச் சென்றன என்று சொன்னால் மிகையாகாது. முதல் வினாவுக்கான விடையை அலுவலர் எழுதித் தருவர். துணைவினாவுக்கோ அமைச்சரே எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். துறையை அவர் அறிவாரா அறியாரா என்பது அப்போதே வெளிப்படும்.

அக்காலச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் செங்கற்பட்டு வட்டாரத்திலிருந்து சென்ற ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். மதுராந்தகம் அருகேயுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோர் உட்பட அனைவர்க்கும் உரியன என்ற தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து, அரசாணையாகவும் ஆக்கினார். இன்று திருப்பெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி என்பதை அறிந்தோர்க்கு இச்செய்தியின் பொருத்தம் விளங்கும். அடுத்து, 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். நாட்டுப் பிரிவினையை ஒட்டிய அக்கொந்தளிப்பான ஆண்டுகளில், சிறுபான்மைச் சமுதாயத்தவர் ஒருவர் ஆளுங்கட்சியை எதிர்த்து அவையில் எழுந்து நின்று வினவியதும், அவ்வினாவுக்கு அரசு விடையிறுக்கக் கடமைப்பட்டிருந்ததும் நம் சமுதாயப் பெரியவர்கள் இளையோர்க்கு எடுத்துச் சொல்லத்தக்க வரலாறாகும்.

இனி நடைமுறையைக் காண்போம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார், துணைவினாவும் உண்டு. குறியிடாத வினாவுக்கு எழுத்து விடை மட்டுமே. உடனடி முக்கியத்துவம் உடையவற்றுக்குக் கவன ஈர்ப்பு, ஒத்திவைப்புத் தீர்மானம் முதலிய வழிகள் உள. வினாவை ஏற்பதும் தள்ளுவதும் பேரவைத் தலைவரின் பொறுப்பு. வினா மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்; கருத்துரையாகவோ வசையாகவோ இருத்தல் கூடாது. தொழிற்பகுதியைப் பொறுத்தவரை இந்த அதிகார எல்லை ஓர் இடர்ப்பாடாகவே உள்ளது. சிப்காட்டின் நிலம் மாநிலத்தின் பொருள். சிறப்புப் பொருளாதார மண்டலம் 2005-ஆம் ஆண்டு மையச் சட்டத்தின்பாற் பட்டது. தொழிலாளர் நலனோ இரண்டு அரசுகட்கும் பொதுவான பட்டியலில் உள்ளது. வினாவைச் செப்பமாக அமைக்காத உறுப்பினர், ‘இது மைய அரசைச் சார்ந்தது’ என்ற ஒரே தொடரால் அமர்த்தப்படுவார்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரம் மூடப்பட்டது. இதன் பின்னரே தொழிலாளர் தங்குமிடம் என்பது ஆட்சியாளரின் கவனத்துக்குரிய பொருளாயிற்று. வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதியை 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறந்துவைக்கப்பட்டது. நல்ல செயல்தான், ஐயமில்லை. ஆயினும் நல்ல செயலும் வினாவுக்கு உட்பட்டதே.

ஓர் உறுப்பினர், ‘விடுதி கட்டப்பட்டதை அமைச்சர் அறிவாரா?’ என்று கேட்டால் அது வெறும் அறிவினா. புகழுரைக்குக் கதவு திறந்து விடுவதாகும். அவர் கணக்குப் போட்டுக் கேட்டால் நிலைமை வேறாகும். 706.50 கோடியை 18,720-ஆல் வகுத்தால் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 77 ஆயிரம் ரூபாய் ஆகிறது. இத்தொகையில் எவ்வளவு கடன், எவ்வளவு அரசின் பங்கு, நிறுவனம் செலுத்தும் வாடகை எத்தனை ஆண்டுகளில் முதலை மீட்கும், வாடகை தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கப்படுகிறதா, ஒரே நிறுவனத்தாரன்றிப் பிற ஆலைப் பெண்களுக்கும் இடம் உண்டா, சமையற்கூடத்தை ஆய்வு செய்பவர் யார் என்பன அறியாவினாக்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணோ பெயரோதான் விடையாக முடியும். விடை எண்ணாகவோ பெயராகவோ அமையும்படி வினாவை ஆக்குவதே உறுப்பினரின் திறமை.

விடைக்கு வருவோம். ‘ஆம்’ என்பது நேர். ‘இல்லை’ என்பது மறை. ‘இவ்வினா எழவில்லை’ என்று அரசுத் தரப்பில் கூறுவதுண்டு. அதனை மறையின் ஒரு கிளை எனலாம். ‘உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள்?’ என்று அமைச்சர் திருப்பிக் கேட்பது வினாவெதிர் வினாதல். இது எக்கட்சி ஆட்சியிலும் குறைவுபட்டதில்லை. விடுதியின் வாடகையைக் கேட்க, அதன் பூங்காவையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் எடுத்துரைப்பது இனமொழி. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆவன செய்யப்படும்’ என்பன உறுவது கூறல். கடைசியிற் சொன்னதை மட்டும் ஏளனமாகத் தள்ளிவிடுதல் கூடாது. இத்தகைய தொடர்களை உறுதிமொழியாகப் பதிந்து, அவை நிறைவேறினவா என்று பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு ஒன்று உண்டு. மக்களவையில் இதற்கொத்த குழு 1953-இலேயே தோன்றியது. அமைச்சர் வாய்தவறிச் சொன்ன ‘ஆவன செய்யப்படும்’ என்ற சொல் ஆண்டுகள் கழித்துத் துறைச் செயலாளரின் மேசைக்கு வந்து நிற்கும். இக்குழுவை நினைவிற்கொண்டு வினவும் உறுப்பினர் மிகச் சிலரே என்பது நம் கருத்து.

செலவைப் பற்றிய வினா வேறு வகையது. அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்படி ஆண்டு நிதிநிலை அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. 203-ஆம் பிரிவின்படி துறைதோறும் மானியக் கோரிக்கை வருகிறது. தொழில்துறையின் கோரிக்கை எண் 27. கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பு என்ற நூலும் உறுப்பினர்க்கு வழங்கப்படும். எவ்வளவு நிலம், எத்தனை பூங்கா, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற செய்திகள் அதில் நிரம்பியிருக்கும். உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கோரிக்கைத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்றால் கொள்கையையே மறுப்பதாகப் பொருள். நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டுவதாகப் பொருள். பெரும்பான்மை அரசிடம் இவை நிறைவேறா என்பது அனைவரும் அறிந்ததே. நூறு ரூபாயைக் குறைப்பது எவர்க்கும் நோக்கமன்று. ஏரிக் கால்வாய் அடைபட்ட செய்தி அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் தொழிற்பகுதிக்குத் தரப்படும் பெருந்தொகை ஒன்று இம்முறையில் முழுமையாக அகப்படுவதில்லை. அரசு கொடுத்த பணம் மானியக் கோரிக்கையில் வரும். அரசு வாங்காமல் விட்ட வரி அங்ஙனம் வராது. நோக்கியாவோடு 2005-இல் அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வரி திருப்பித் தரும் சலுகையும் அடங்கியிருந்தது. அந்நிறுவனம் ஒன்பதாண்டுகளில் கதவடைத்தபோது, வேலை இழந்த இளைஞர்கள் தம் எதிர்காலத்தைக் கேட்டனர். ‘நாம் கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு?’ என்று அவையிற் கேட்பதற்கு வேண்டிய ஒப்பந்தமோ தனித்தனி அரசாணைகளாலும் புரிந்துணர்வு ஏடுகளாலும் ஆனது. அது சட்டமாக அவையின் வாக்கைப் பெற்றதன்று. மைய அரசு 2006-07 முதல் தன் வரவு செலவுத் திட்டத்தோடு, விட்டுக்கொடுத்த வரியின் விவரத்தை வெளியிட்டு வருகிறது. ஒவ்வொரு பெரிய ஆலைக்குமான சலுகைத் தொகுப்பையும் அவ்வாறே ஆண்டுதோறும் சட்டமன்றத்தின்முன் வைத்தல் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. போட்டி மாநிலங்கள் அறிந்துகொள்ளும் என்ற மறுப்பு நமக்கு ஏற்புடையதாக இல்லை. போட்டி மாநிலங்கட்கு அச்செய்தியை நிறுவனங்களே சொல்லிவிடும்.

செலவழிந்த பின் கேட்கும் வினா, தணிக்கையை ஒட்டியது. கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 151-ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாக அவைக்கு வரும். பொதுக் கணக்குக் குழு அதனை ஆராயும். சிப்காட் போன்றவற்றைப் பொது நிறுவனங்கள் குழு ஆராயும். அமைச்சர் அங்கு வரார்; துறைச் செயலாளரே விடையளிப்பார். முழக்கமும் வெளிநடப்பும் இல்லாத இடமாதலின் செவ்விய விடை அங்குத்தான் மிகுதி. 2021-இல் அமைந்த 16-ஆவது சட்டமன்றத்தில் இப்பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் திருப்பெரும்புதூர் உறுப்பினராகிய கு. செல்வப்பெருந்தகை அவர்களே. தொகுதிக்கு அது பெருமை. எனினும் மக்களவையில் 1967 முதல் இப்பதவி எதிர்க்கட்சியினருக்கே வழங்கப்பட்டு வருகிறது. இங்கோ ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியைச் சார்ந்தவர் அதில் அமர்ந்தார். அவர்தம் தகுதியைப் பற்றியதன்று நம் பேச்சு, மரபைப் பற்றியது.

தணிக்கையின் குறை அதன் காலத்தாழ்வு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நீர் அடையாற்றில் பாய்ந்து பேரிடர் விளைத்தது. திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள ஏரி அது. அணை நீர் மேலாண்மையின் குறைகளைச் சுட்டிய தணிக்கை அறிக்கை அவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளத்தில் நனைந்த வீடுகளில் அதற்குள் இரண்டு முறை வெள்ளையடித்திருப்பர்.

சட்டமியற்றும்போது எழும் வினா இன்னும் கூர்மையானது. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் இறுதி நாள். அன்று நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-அ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் அவையில் நிறைவேறியது. நாள் வேலைநேரம், வார வேலைநேரம், இடைவேளை முதலியவற்றுக்கான வரையறைகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது; பன்னிரண்டு மணி நேர வேலை என்று மக்கள் அதனைச் சுருக்கிச் சொன்னார்கள். காங்கிரசு, இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் அரசு வென்றது. மூன்று நாள் கழித்துத் தொழிற்சங்கங்களோடு பேசியபின் சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஒரகடத்தில் சுழல்முறைப் பணிசெய்யும் இளைஞன் ஒருவனின் நாள் எட்டு மணியா பன்னிரண்டு மணியா என்பது அந்தப் பத்து நாளில் முடிவாயிற்று. எண்ணிக்கையால் தோற்ற வினா வெளியில் வென்றது என்று கொள்ளலாம். அவைக்குள் எவரும் எதிர்த்திராவிடில் வெளியிலும் அது இத்துணை விரைவாக எழுந்திராது என்றும் கொள்ளலாம். நாம் பின்னதையே கொள்கிறோம்.

அதே நாளில், நீர்நிலைகளை உள்ளடக்கிய பெருந்திட்டங்களுக்காகத் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவும் நிறைவேறியது. ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்கு அஃது உயிர்ப்பொருள். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் அதற்கு முந்திய ஆண்டே போராடத் தொடங்கியிருந்தனர். வேலைநேரத் திருத்தத்தின் ஆரவாரத்தில் இம்முன்வடிவைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போயிற்று.

வினாவுக்கு வழியே இல்லாத அறிவிப்பும் அவையில் உண்டு. பேரவை விதி 110-இன்கீழ் அமைச்சர் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கூடாது. 2011-2016 காலத்தில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா இவ்விதியின்கீழ் மிகப் பல திட்டங்களை அறிவித்தார்; பின்வந்தோரும் இதனைக் கைவிட்டாரில்லை. பல கோடி ரூபாய்த் திட்டம் கைத்தட்டலோடு பதிவாகும். அதன் கணக்கைக் கேட்க அடுத்த மானியக் கோரிக்கை வரை காத்திருக்க வேண்டும். மறுபுறம், கேள்வி நேரத்தை 2022 சனவரி முதல் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. பிரித்தானியாவில் அதிகாரப் பகிர்வு பெற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் வியாழன்தோறும் முதலமைச்சரே எழுந்து நின்று கட்சித் தலைவர்களின் வினாவுக்கு விடையிறுக்கிறார். நம் அவையில் அத்தகைய வாரநாள் முறை இல்லை.

கேட்பார் இல்லாத நிலையும் நாம் கண்டதுதான். உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். கடல் கடந்து நோக்கினால், இலங்கையில் 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் மாகாண நிருவாகம் ஆளுநரின் கையில் சென்றது. பாதீடு இருந்தது, செலவு நடந்தது, எழுந்து நின்று கேட்க அவை இல்லை.

ஒரகடத்திற்கு அணித்தாக உள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காக அவற்றைப் புகழ்வார் பலர். நாம் வியப்பது மற்றொரு விதியை: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபை உரியதாயிருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. இசுலாமிய மரபில் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். யாவர்க்கும் சமமாகப் பங்கிட்ட துணியில் தங்கள் அங்கி மட்டும் நீண்டது எவ்வாறு என்று பள்ளிவாசலில் ஒருவர் வினவினார். அவர் வினாவெதிர் வினவவில்லை. தம் மைந்தரை அழைத்தார். மைந்தர் தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததைக் கூறினார். நன்னூல் நெறியில் அஃது ஐயவினா. கிடைத்ததோ சான்றோடு கூடிய நேரான விடை.

இறுதியாண்டுத் தமிழ் மாணவர்க்கு ஒரு பயிற்சி சொல்வோம். சட்டமன்றப் பேரவை நடவடிக்கைக் குறிப்புத் தொகுதிகளில் தொழில்துறை மானியக் கோரிக்கை நாளுக்கு உரிய ஒன்றை எடுத்துக்கொள்க. அதிலுள்ள வினாக்களை ஆறாகவும் விடைகளை எட்டாகவும் பிரித்துப் பட்டியலிடுக. எண்ணோ பெயரோ நாளோ உள்ள விடைகளைத் தனியே குறித்துக்கொள்க. ஓர் ஆட்சிக்காலத்துக்கு ஒரு தொகுதியாக மூன்று ஆட்சிக்காலங்களை ஒப்பிட்டால் துறைக் கருத்தரங்கில் படிப்பதற்குரிய கட்டுரை ஒன்று கிடைக்கும்.